இரண்டு ஃபிளாப்பிக்கும் பொட்டு

சிங்கப்பூரில், தஞ்சோங் பகாரில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். எண்பதுகளின் நடுவில் ஒருநாள், சுவிட்ச்போர்டை எடுத்துவிட்டுத் தானாக லைன் கொடுக்கும் இயந்திரம் வரப்போகிறது என்றார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் சர்டிபிகேட் வாங்கினால் புதிய பிரிவில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு, வாங்காவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார். யார் எது சொன்னாலும் வாய்க்கு வாய் பதில் சொல்கிறவள் நான். அன்று "சரி சார்" மட்டும்தான் வந்தது.

நாற்பதைத் தொடப்போகிற வயதில் மாலை வகுப்பு. வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாப்பில் நின்றபடி ஒரு பன்னைக் கடித்துக்கொண்டு ஓடுவேன். வகுப்பு முழுக்கக் கட்டாய ராணுவ சேவை முடித்த பையன்கள். நான் கீபோர்டில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக்கொண்டிருப்பேன்; அவர்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கேன்டீனுக்குப் போய் வந்துவிடுவார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. வீட்டுக்கு வந்தால் அங்கேயும் கிண்டல். "அம்மா ஸ்கூலுக்குப் போய்ட்டு வந்துட்டாங்க, ஹோம்வொர்க் இருக்கான்னு கேளு" என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பார் என் கணவர். சிரிக்கட்டுமே, அவருக்கென்ன!

கடைசியில் இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு புரோகிராம் எழுத வேண்டும். அதில் தேறினால்தான் சர்டிபிகேட். வகுப்பில் என்னைத் தவிர இருந்த ஒரே தமிழர் காத்தோங்கில் இருந்து வரும் ஒரு பையன், சர்ச்சுக்குப் போகும் குடும்பம். அவனோடுதான் என்னைச் சேர்த்தார்கள். ஆபீஸ் டெலிபோன் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் யோசனை. பாதிப் பெயர் அடித்தாலும் ஆளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் பகுதியை எழுதியவளும் நானே. பாதிப் பெயரைச் சொல்லி லைன் கேட்கிறவர்களோடு பத்து வருஷம் மல்லுக்கட்டியவளுக்கு அது தெரியாதா? முதல்தடவை அது வேலை செய்தபோது, "அக்கா, சூப்பர் லா!" என்றான் பையன். நான் தரையில் நடக்கவில்லை.

தேர்வுக்கு முதல்நாள் சரஸ்வதி பூஜை வந்தது. மறுநாள் விஜயதசமி. இதைவிட நல்ல நாள் வேண்டுமா என்று பூரித்துப்போனேன். மகளின் புத்தகங்களோடு, புரோகிராமைப் பதிந்து வைத்திருந்த என் ஃபிளாப்பி டிஸ்க்கையும் சாமி முன்னால் வைத்தேன். உறைக்குப் பொட்டு வைத்து என்ன பயன் என்று, உறையிலிருந்து வெளியே எடுத்து, நடுவே தகடு வெளியே தெரியும் இடத்தில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் இட்டேன். பத்திரத்துக்காக எடுத்து வைத்திருந்த காப்பி இன்னொரு ஃபிளாப்பியில் இருந்தது. ஒன்றுக்கு வைத்துவிட்டு மற்றதை மூளியாக விட மனசு வரவில்லை. அதற்கும் வைத்தேன்.

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். வெறுங்காலோடு போய், மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டே ஃபிளாப்பியைச் செருகினேன். கரகரவென்று ஒரு சத்தம். ஆசிரியர் ஓடிவந்து அதை உருவினார். ஃபிளாப்பியில் திறந்திருக்கும் அந்த நீளமான இடம் முழுக்க மஞ்சளும் சிவப்பும் ஈஷிக்கிடந்தன. மோந்து பார்த்துவிட்டு, கறிப்பொடியா என்று கேட்டார். வகுப்பே சிரித்தது.

"சாமி கும்பிட்டேன், சார்" என்றேன்.

காப்பி எங்கே என்றார். கொடுத்தேன். அதிலும் பொட்டு. ஐயோ, அந்தச் சிரிப்பு! பின்னாலிருந்த ஒருவன் என் கூட்டாளியின் தோளைத் தட்டி, உங்கள் வீட்டிலும் இப்படித்தானா என்று கேட்டான்.

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்க லா" என்றான் அவன், என் பக்கம் திரும்பாமலே.

சுருக்கென்றது. கோபம் வந்தது. ஆனால் யார்மேல் கோபப்பட முடியும்? அவன் உழைப்பும் சேர்ந்துதானே நாசமாயிற்று.

நல்லவேளை, புரோகிராமை அச்சடித்து வைத்த தாள்கள் இருந்தன. ஆசிரியர் ஒரு வாரம் தவணை கொடுத்தார். வேலை முடிந்து ஓடிப்போய் உட்கார்ந்தால், "நீங்க வாசிங்கக்கா, நான் அடிக்கிறேன்" என்பான். புது ஃபிளாப்பி அவன் பையில்தான் இருந்தது. அதை என் கையில் கொடுக்கவேயில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். நான் எழுதியதை நானே, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல வாசித்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி தேர்வு. அவன் எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டினான். ஆசிரியர் என்னைப் பார்த்து, தேடும் பகுதி உங்களுடையதுதானே, நீங்களே ஒரு பெயரைத் தேடிக் காட்டுங்கள் என்றார். பையன் கீபோர்டை என் பக்கம் நகர்த்தினான். ஒரு பெயர் அடித்தால் போதும். கை மடியைவிட்டு எழவில்லை. மறுபடியும் ஏதாவது ஆகிவிட்டால் என் நாற்காலியும் போகும், இவன் படிப்பும் போகும்.

"அவனே செய்யட்டும், சார்" என்றேன்.

ஆசிரியர் இன்னொரு தடவை கேட்டார். நான் தலையை ஆட்டினேன். பையனே ஒரு பெயரை அடித்தான். ஆள் வந்தார், எண் வந்தது. இரண்டு பேரும் பாஸ் என்று ஆசிரியர் அங்கேயே சொல்லிவிட்டார்.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது, "ஏன்க்கா அடிக்கல?" என்றான்.

"நான் கை வச்சு மறுபடியும் கெட்டுப்போச்சுன்னா?"

"எப்படிக்கா கெடும்? பையில இன்னொரு காப்பி இருக்கு, வீட்ல ஒண்ணு இருக்கு. சார்கிட்ட நீங்க காட்டணும்னுதானே கீபோர்ட தள்ளிவிட்டேன். நீங்க எழுதினதுதானே."

வகுப்பே சிரித்தபோது நான் அழவில்லை. அன்றைக்கு அவர்கள் என்னை ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்தார்கள். இன்றைக்கு, ஒருவரும் நினைக்காதபோது, நானே அதை ஆசிரியர் முன்னால் ஒப்புக்கொண்டுவிட்டு வந்திருக்கிறேன். அவமானம் தாங்காமல் லிஃப்டுக்குள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

பாஸான சந்தோஷத்தில் அழுகிறேன் என்று பையன் நினைத்துவிட்டான். "அழாதீங்கக்கா" என்று சிரித்தான். "வீட்டுக்குப் போய் எல்லார்கிட்டயும் நல்லா பெருமையா சொல்லுங்க."