புளிப்பு ஆகாத குழாய்

டி. கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டில் சோலையம்மாளின் வேலையில் குறை கண்டவர் யாரும் கிடையாது. களை எடுத்தாலும் சரி, பருத்தி எடுத்தாலும் சரி, அவள் பிடித்த நிரை அவ்வளவு சுத்தமாக இருக்கும். அந்தச் சுத்தம்தான் கடைசியில் அவள் குடியைக் கெடுத்தது என்றால் யார் நம்பப் போகிறார்கள்?

எழுபத்தெட்டாம் வருஷம் அவள் புருஷன் மலையாண்டி அவனியாபுரத்துப் பட்டறை ஒன்றில் வேலையாய் இருந்தான். தாகத்தில், தண்ணீர் என்று நினைத்துப் பேட்டரி ஆசிட்டை எடுத்துக் குடித்துத் தொலைத்தான். உயிர் தப்பியது, உணவுக்குழல் வெந்து ஒட்டிப்போனது. மதுரையில் டாக்டர்கள் வயிற்றில் துளை போட்டு ரப்பர் குழாய் வைத்தார்கள். உடம்பு தேறட்டும், ஆபரேஷன் பண்ணி வழியைத் திறந்துவிடலாம், மறுபடி வாயால் சாப்பிடுவான் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த ஒரு சொல்லை முந்தானையில் முடிந்துகொண்டுதான் அவள் ஊர் வந்து சேர்ந்தாள்.

காய்ச்சிய பாலும் அரிசிக் கஞ்சியும் வேளை தப்பாமல் இறங்கின. வேட்டித் துணியில் வடிகட்டி, புனல் வைத்து ஊற்றுவாள். ஒருநாள் பாலுக்குப் பின்னாலேயே எலுமிச்சைச் சாறு ஊற்றியதில் பால் திரிந்து குழாய் அடைத்துக்கொண்டது. பஸ் ஏறிப் போய்க் குழாயை மாற்றி வருவதற்குள் அந்த மனுஷன் துடித்த துடிப்பு இருக்கிறதே! இனிமேல் புளிப்பு என்று ஒரு சொட்டுகூட அதில் இறங்காது என்று குலசாமி மேல் ஆணையிட்டாள். நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஆளாளுக்குச் சாத்துக்குடி வாங்கி வந்தார்கள். அத்தனையும் தெருப்பிள்ளைகளுக்குத்தான் போயிற்று.

மாசங்கள் போயின. மலையாண்டிக்குக் கால் வலிக்கத் தொடங்கியது. அடிபடாமலே முழங்காலுக்குக் கீழே கன்றிப்போய்க் கருந்திட்டுகள் வந்தன. ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. ஒரு பருக்கை படாத வாயில் ரத்தம் எங்கிருந்து வரும்? அதோடும் நிற்கவில்லை. இளவட்டத்தில் மாடு குத்தி, எப்போதோ ஆறிப்போன தொடைத் தழும்பு தானாக வாய் பிளந்தது.

கொழுந்தன் பேயாண்டி அதைப் பார்த்துவிட்டு, இது செய்வினைதான், பங்காளிகளில் யாரோ காலடி மண் எடுத்துவிட்டார்கள் என்றான். கோடாங்கி வந்து உடுக்கை அடித்தான். ஆடி கழியட்டும், எல்லாம் சரியாகும் என்று தவணை சொன்னான். அடப் பாவி, தவணை சொல்கிற நேரமா அது! சோலையம்மாள் பயந்துபோய்ப் பாலைக் கூட்டி ஊற்றினாள்.

ஆடி கழியுமுன்னே மலையாண்டிக்கு எழுந்து உட்காரவும் சத்தில்லை. வாடகைக் காரில் போட்டு மதுரைக்குக் கொண்டுபோனார்கள். விஜயம் என்ற டாக்டரம்மா ஈறுகளைப் பார்த்தாள், தழும்பைப் பார்த்தாள், குழாயில் என்ன ஊற்றுகிறாய் என்று கேட்டாள். சோலையம்மாள் பெருமையாகவே சொன்னாள்.

“பாலும் கஞ்சியுந்தேன் தாயி. நல்லாக் காச்சி, துணியில வடிச்சு. புளிப்பு ஒரு சொட்டுக் காட்டல.”

டாக்டரம்மா குழாயின் முனையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“பழச்சாறு போகாததுதாம்மா சீக்கே. வைட்டமின் சி இல்லாட்டி ஆறின புண்ணும் திறந்துக்கும். பாலுக்கப்புறம் நேரம் விட்டு, தண்ணி ஊத்திக் குழாயைக் கழுவிட்டுக் குடுத்திருந்தா அடைச்சிருக்காது. நாங்க முதல்லயே சொல்லி அனுப்பியிருக்கணும்.”

ஊசி போட்டால் தேறிவிடுவான் என்று சொல்லி, மருந்தெடுக்க நர்ஸை அனுப்பினாள். மூச்சு முட்டுகிறது என்று மலையாண்டி கையைக் காட்டினான். சோலையம்மாள் அவனைத் தூக்கி உட்காரவைத்தாள். சத்துக் கெட்ட நெஞ்சுக்கு அந்த அசைவே தாங்கவில்லை; உட்கார்ந்தவன் அப்படியே அவள் தோளில் சாய்ந்தான். ஊசி வந்து சேர்ந்தபோது உயிர் இல்லை.

இழவுக்கு ஊரே திரண்டு வந்தது. நாத்தனார் ராமக்காள் அவளைக் கட்டிக்கொண்டு, உன்னை மாதிரி எவள் பார்த்துக்கொள்வாள், ஒரு வேளை தப்பியிருக்குமா, பெற்ற பிள்ளையைப் போல அல்லவா பார்த்தாய் என்று ஒப்பாரி வைத்தாள். சுற்றியிருந்த பெண்களும் ஆமாம் ஆமாம் என்று அழுதார்கள். சோலையம்மாள் ராமக்காளின் வாயைப் பொத்தினாள்.

“சொல்லாத மதினி. நாந்தேன் அவுகளைப் பட்டினி போட்டுக் கொன்னுட்டேன்.”

துக்கத்தில் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அந்தப் பெண்கள் இன்னும் பலமாக அழுதார்கள்.