பழைய எண் 379, புதிய எண் 303

இன்று காலையும் எங்கள் வக்கீல்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. இணையவழி மனுத் தாக்கல் பற்றிய சுற்றறிக்கை, அதன் கீழே ஒரு தீர்ப்பின் சுருக்கம். ஸ்ரீபெரும்புதூர் நீதிமன்ற வாசலில் பைக்கில் உட்கார்ந்தபடியே படித்து முடித்தேன். சட்டத்தில் ஏதோ மாறியிருக்கிறது என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்குப் பூண்டு வாசனை வரும்.

நான் சட்டம் படித்த ஐந்து வருடமும் அம்மா ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கினாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் எண் தெரியும். கம்பெனி பஸ் நம்பரும் கேன்டீன் டோக்கனும் கற்றுக்கொடுத்த எண்கள். ஷிப்ட் முடிந்து வந்து, சாயங்காலம் குழம்புக்குப் பூண்டு உரித்தபடி, "ம், ஆரம்பி" என்பாள். நான் இந்திய தண்டனைச் சட்டத்தை ஒப்பிப்பேன்.

கேட்டுக் கேட்டு அவளுக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் ஆளைப் பிடித்து வைத்திருந்தாள். திருட்டான 379 என்றால் தண்டலம் பஸ் ஸ்டாப்பில் அப்பாவின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவன். பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டும் 294 முழுக்க எங்கள் தெருக் குழாயடிக்குச் சொந்தம். கொலை மிரட்டலான 506 என் பாட்டி.

"உங்க அப்பனைப் பெத்தவ கீறாளே, அவ ஒருத்திக்கே தினம் நாலு 506 போடலாம்டா."

அப்பா கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொள்வார். பரீட்சையில் எண் மறந்தால் எனக்கு அந்த ஆட்கள்தான் கைகொடுத்தார்கள்.

நான் கறுப்புக் கோட்டு மாட்டிய மறுவருடம் சட்டமே மாறியது. தண்டனைச் சட்டம் போய் நியாய சன்ஹிதா வந்தது. 302 என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த கொலை 103 ஆனது. 420 போய் 318. குழுவில் ஆளாளுக்கு ஒப்பீட்டு அட்டவணை அனுப்பினார்கள். நானும் ஒன்றைத் தட்டச்சு செய்து, நகலெடுத்து, கோட்டுப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டேன். முப்பது வருடம் வாதாடியவர்கள்கூட எழுந்து நின்று, "பழைய 379, யுவர் ஹானர்" என்று தொடங்கிவிட்டுப் பைக்குள் கைவிட்டார்கள். எல்லோரும் ஒரே நாளில் ஒன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டது போலிருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அம்மாவிடம் மட்டும் நான் சொல்லவில்லை. பரீட்சைதான் முடிந்துவிட்டதே, இனி எதற்கு என்று இருந்துவிட்டேன்.

ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்குப் போனால், அம்மா வேலைக்கு உடுத்திய புடவையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளோடு கேன்டீனில் பாத்திரம் கழுவும் அக்கா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. அந்த அக்காவின் மகன் வேறொரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தான். உடைமாற்றும் அறையில் யாருடைய போனோ காணாமல் போக, கடைசியாக வெளியே வந்தவன் இவன் என்று புகார். முதல் தகவல் அறிக்கையைப் போனில் படம் பிடித்து அம்மாவிடம் காட்டியிருக்கிறார்கள். அம்மாவால் எண்ணை மட்டும்தான் படிக்க முடிந்தது.

"முந்நூத்தி மூணுடா," என்றாள் என்னிடம். "தூக்குதானே?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பழைய 303, ஆயுள் கைதி செய்யும் கொலை. அதற்குத் தூக்கு ஒன்றே தண்டனை என்று இருந்ததை உச்ச நீதிமன்றம் எப்போதோ ரத்து செய்துவிட்டது. இரண்டையும் நான்தான் ஒப்பித்தேன். அம்மா தூக்கை மட்டும் வைத்துக்கொண்டாள். புதிய சட்டத்திலோ 303 வெறும் திருட்டு. அவளுடைய சைக்கிள் திருடன்.

"திருட்டு கேஸுமா. ஸ்டேஷன்ல ஒரு நோட்டீஸ் குடுப்பாங்க. கூப்பிட்டப்போ போய் நின்னாப் போதும், பிடிச்சு வைக்க மாட்டாங்க."

அக்கா அழ ஆரம்பித்தார். "நோட்டீஸு காலைலயே வந்துச்சு தம்பி, நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லி. உங்கம்மா சொன்னதைக் கேட்டுட்டு அவன் வாலாஜாபாத்துல எந்தங்கச்சி வூட்டுக்கு ஓடிட்டான். ராவுக்குள்ள பெங்களூர் பஸ் ஏறிடுவேன்றான்."

பத்து மணிக்கு வராவிட்டால் கைது செய்ய அதுவே காரணமாகிவிடும். எடுக்காத போனை எடுத்தவனாகவும் ஆகிவிடுவான். அந்தத் தங்கையின் போன் எண்ணை வாங்கி அவனிடமே பேசினேன். சட்டத்தை விளக்கினேன், அட்டவணையையே படித்துக் காட்டினேன்.

"வக்கீலுன்னா தைரியம் சொல்லத்தாண்ணே செய்வீங்க," என்றான் அந்தப் பையன். "பெரிம்மாவுக்கு எல்லா நம்பரும் தெரியும்னு கேன்டீனே சொல்லுது. அவங்களே தூக்குன்னு சொல்லிட்டாங்க."

அம்மா போனைப் பிடுங்கினாள்.

"டேய், கேளு. நான் சொன்னது பழைய நம்பரு. உங்க தெருவுல வூட்டுக்கெல்லாம் நம்பர் மாத்திக்கினு போனானுங்களே, ஞாபகம் கீதா? பழைய எண் எட்டு, புதிய எண் இருவதுன்னு. வூடு மாறிச்சா? அதே வூடுதானே? அந்த மாதிரிடா. நான் பழைய நம்பர் கதவைத் தட்டிட்டேன். தப்பு எம்மேல. சொல்லு, நீ எடுத்தியா?"

"இல்ல பெரிம்மா."

"அப்புறம் இன்னாத்துக்குடா ஓடுற? காத்தால பஸ்ஸப் புடி. நானும் வரேன்."

நான் ஒரு மணி நேரம் படித்தாலும் சட்ட மாற்றத்தை அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

மறுநாள் ஒன்பதரைக்கே வந்துவிட்டான். முகத்தில் தூக்கமே இல்லை. அம்மா ஒருநாள் லீவு போட்டுவிட்டு ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில் அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விசாரித்து, எழுதி வாங்கிக்கொண்டு, மதியத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். சில வாரங்கள் கழித்து, வேறொருவனிடம் அந்தப் போன் அகப்பட்டது.

அதன் பிறகு அம்மா கேன்டீனில் யாருக்கும் நம்பர் சொல்வதில்லை. கேட்டால், "எம் பையனைக் கேளு, எல்லாத்தையும் மாத்திட்டானுங்க" என்று நறுக்குவதில் மும்முரமாகிவிடுவாள் என்று அந்த அக்காதான் சொன்னார். எனக்கு அது உறுத்தியது. புதிய எண்கள் எனக்கும் ஒட்டவில்லை. அவற்றில் ஆளே இல்லை. குழாயடி இல்லை, பாட்டி இல்லை. அட்டவணை மடிப்பில் கிழிந்து, மூன்றாவது நகல் எடுத்தாகிவிட்டது.

போன வாரம் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் செய்திகளைப் படித்தபடி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னிக்கு இன்னாத்த மாத்தினானுங்க?"

"ஒண்ணும் மாத்தல. சரி, 303 சொல்லு பாப்போம்."

அவள் தலை நிமிரவில்லை. ஒரு பல்லை உரித்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"பாத்திரம் கழுவுறவ புள்ள," என்றாள். "எடுக்காதவன்."