சமக்குறியின் வலப்பக்கம்

ஹைதராபாத் அமீர்பேட்டில் நான் பாடம் எடுக்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. கடைசி பெஞ்சை நகர்த்தினால்தான் கதவே திறக்கும். கூட்டல் கழித்தலைத் தாண்டாமலே கல்லூரிக்கு வந்துவிட்டவர்களுக்கு அங்கே இயற்கணிதத்தின் முதல் படி சொல்லித்தருகிறேன். இவர்கள் தேறாவிட்டால் எனக்கு வேலை இல்லை என்று நிர்வாகி சொல்லியிருந்தார்.

அன்று பலகையில் 8 + 4 = □ + 5 என்று எழுதி, கட்டத்தில் என்ன வரும் என்று கேட்டேன்.

"ட்வெல்வ் மேடம்!" என்றது வகுப்பு. பக்கத்தில் இருந்த ஐந்து யார் கண்ணிலும் படவில்லை. இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்று தொண்டை வறளச் சொன்னேன்.

"ஈக்வல் போட்டா அடுத்து ஆன்சர்தானே மேடம் வரும்?" என்றான் கார்த்திக்.

மறுபடியும் ட்வெல்வ். எப்படியாவது வெளியே போய்விட வேண்டும்போல் இருந்தது; கதவைப் பார்த்தேன். அதை ஒட்டி உட்கார்ந்திருந்த நஸ்ரீன் கையை உயர்த்தியிருந்தாள். உருது மீடியத்தில் படித்த பெண். இவளுக்கு என்ன வரப்போகிறது என்று அவளிடம் நான் எதுவுமே கேட்டதில்லை.

"இதர் சே படோ மேடம்," என்று பலகையின் வலது ஓரத்தைக் காட்டினாள். உருதுவைப்போல் வலமிருந்து படிக்கச் சொல்கிறாள். சத்தமாகப் படித்தேன். ஐந்தோடு எதைச் சேர்த்தால் நாலும் எட்டும் கூட்டியது வரும்?

"செவன்!" என்று கத்தினார்கள்.

தப்பித்துப் போகக் கதவைத் தேடியிராவிட்டால், அந்தக் கையை அன்றும் நான் பார்த்திருக்க மாட்டேன்.