அமுக்குறேன்

உயர்ந்த கட்டடங்களின் வெளிக்கண்ணாடியைத் துடைப்பது அவன் பிழைப்பு. சுவரோடு ஒட்டிக்கொண்டே திரிகிறவன் என்று அவனுக்குப் பல்லி எனப் பெயர் வைத்தவன், கூடவே வேலை பார்த்த அவன் மச்சினன்தான். இருவருக்கும் ஒரே தொங்குபலகை, ஒரே வாளி. கறையை அழுத்தித் தேய்த்தால் கண்ணாடி சும்மா இருக்காது. தள்ளின அளவுக்குத் திருப்பித் தள்ளும். பலகை காற்றில் பின்வாங்கும். அதனால் அழுத்துகிறவன் முன்கூட்டியே "அமுக்குறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். மற்றவன் கம்பியைப் பிடித்துக்கொள்வான். அவர்களாக வைத்துக்கொண்ட சட்டம் இது.

அன்று காலை மச்சினன், பல்லியின் குறட்டையைப் பற்றி வாட்ச்மேனிடம் சொல்லிச் சிரித்தான். அற்ப விஷயம். ஆனாலும் பல்லி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பலகை ஏறினான். பேச்சுவார்த்தை இல்லை. மச்சினன் இடுப்புக் கொக்கியைக் கழற்றி அடுத்த கம்பியில் மாட்டப்போன நேரம், பல்லி வாயைத் திறக்காமல் ஒரு கறையை ஓங்கி அழுத்தினான். பலகை விலகியது. அது திரும்பி வந்தபோது அதில் ஒருவன்தான் இருந்தான்.

கொக்கியைக் கழற்றியதுதான் தப்பு என்று எல்லாரும் சொன்னார்கள். பல்லியும் ஆமாம் சாமி போட்டான்.

இப்போது தரைத்தளக் கண்ணாடிகளை மட்டும் துடைக்கிறான். கால் தரையில் இருந்தும், துணியை அழுத்தும்போதெல்லாம் யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவதுபோல் இருக்கிறது. கண்ணாடியில் தன் முகத்துக்குப் பக்கத்தில் பார்க்கமாட்டான். மச்சினன் முகமும் தெரிந்துவிடுமோ என்று பயம். வீட்டில் கதவைத் திறக்கும்போதுகூட "அமுக்குறேன்" என்பான்.

"கதவு என்ன, பதிலா சொல்லப்போகுது?" என்பாள் மனைவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பீரோவை நகர்த்தினார்கள். இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். முகம் தெரியவில்லை.

"அமுக்குறேன்."

"தம்பி சொல்லுவான்," என்றது அவள் குரல். "மாமா சொல்லாம அமுக்கவே மாட்டாருக்கா, அதான் நான் தைரியமா கொக்கியக் கழட்டுறேன்னு."

பல்லி தள்ளுவதை நிறுத்தினான்.

"அன்னிக்கும் சொன்னீங்கல்ல?"

ஆமாம் என்றால் கதை முடிந்தது. வார்த்தை நாக்கு நுனி வரை வந்தும்விட்டது. உள்ளங்கைக்கு அடியில் இரும்பு, கண்ணாடி மாதிரியே சில்லென்றிருந்தது.

"சொல்லல," என்றான். "கோவமா இருந்தேன். சொல்லல."

என்ன செய்வதென்று தெரியாமல் பீரோவைத் தள்ளினான். அது இம்மியும் அசையவில்லை. பலம் கொண்ட மட்டும் தள்ளிப் பார்த்தான். அந்தப் பக்கம் அவள் தோளைக் கொடுத்து, அவன் தள்ளின அளவுக்குத் திருப்பித் தள்ளிக்கொண்டிருந்தாள்.