இடது பின்சக்கரத்துச் சத்தம்

இசக்கியைத் திருடன் என்று சொன்னவன் நான்தான். அவன் திருடவில்லை. அது எனக்குத் தெரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை, அதனால்தான் சொல்ல முடிகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பொறுக்கும்படி கேட்கவில்லை.

பாளையங்கோட்டையில் ஓர் அரிசி வியாபாரியிடம் பத்தொன்பது வருடமாகக் கார் ஓட்டுகிறேன். ஊருக்கெல்லாம் அவர் அண்ணாச்சி. எனக்கும் அப்படித்தான். நான் அதிகம் பேச மாட்டேன். யாராவது நேராகப் பார்த்துக் கேள்வி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இதை எல்லோரும் நல்ல குணம் என்றே நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இசக்கி மெக்கானிக். மேலப்பாளையம் போகிற சாலையில் சொந்தமாக ஷெட் வைத்திருந்தான். கூட வேலை செய்தது அவன் மச்சான். அண்ணாச்சியின் காருக்கும் இரண்டு லோடு வண்டிகளுக்கும் அவன்தான் எல்லா வேலையும் பார்ப்பான். இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசியில் காரின் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் புதிதாக மாற்றினான். அடுத்த வாரமே அண்ணாச்சி சென்னையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார்.

அந்த நாட்களில் நான் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். ஆழ்வார்குறிச்சியில் என் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். அண்ணாச்சியிடம் கேட்காமலே காரில் குடும்பத்தோடு போனேன். கேட்டிருந்தால் தந்திருப்பார். கேட்க வாய் வரவில்லை... வழியில் டயர் பஞ்சர். கொட்டுகிற மழையில் ஸ்டெப்னி மாட்டினேன். மறுநாள் டிக்கியைப் பார்த்தால், ஜாக்கி இருக்கிறது, சக்கர நட்டுகளைக் கழற்றும் ஸ்பேனர் இல்லை. மழையில் ரோட்டோரம் விட்டுவிட்டு வந்திருப்பேன் என்று நினைத்தேன். பழைய இரும்புக் கடையில் அதேபோல ஒன்று வாங்கி வைத்தேன். பஞ்சரையும் ஒட்டினேன். யாருக்கும் தெரியாது. முடிந்தது என்று இருந்தேன்.

அண்ணாச்சி திரும்பி வந்த அன்று ரயில்வே ஸ்டேஷனில் இருந்து ஏற்றி வந்தேன். முதல் வேகத்தடையில் பின்னால் இடது பக்கம் 'டொக்' என்றது.

"என்னலே சத்தம்? இப்பத்தானே ஷாக் மாத்துனோம்?"

"இசக்கி மாத்துனதுதான் அண்ணாச்சி."

கேட்டதற்குப் பதில்தானே? ஆனால் அந்தப் பதிலிலேயே அவன் பெயரை எதற்கு இழுத்தேன்?

வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். இசக்கி என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, பின்சீட்டில் காதை இடது பக்கம் ஒட்டி வைத்துக்கொண்டு வந்தான்.

"என்னவே, டிக்கிக்குள்ள தவில்காரன் எவனையும் ஏத்திட்டு வாரீரா?" என்று சிரித்தான்.

பிறகு டிக்கியைத் திறந்து பார்த்தான். ஜாக்கி ஆடவில்லை. நான் வாங்கி வைத்த ஸ்பேனர் அதன் இடத்தில் இருந்தது.

"ஸ்டெப்னி எதும் கழத்துனீரா?"

"இல்லையே."

இந்த ஒரு சொல்... இதைச் சொல்லாமல் இருந்திருந்தால்?

ஷாக்கின் மேல் நட்டை இறுக்கிக் கொடுத்தான். சத்தம் போகவில்லை. இரண்டாம் தடவை ரப்பர் புஷ் மாற்றி, நட்டை மறுபடி இறுக்கினான். அப்போதும் போகவில்லை. எனக்குள் சந்தேகம் ஊறத் தொடங்கியது. இத்தனை வருடம் வேலை பார்த்தவனுக்கு ஒரு சத்தம் எங்கே இருந்து வருகிறது என்று தெரியாதா? நான் பக்கத்தில் போனால் ஏன் பேச்சை நிறுத்துகிறான்? மாற்றியது உண்மையிலேயே புதுசுதானா?

மூன்றாம் தடவை ஏரலில் இருந்து திரும்பும் வழியில் ஷெட்டுக்குப் போனோம். இடுப்பு வலிக்கு மாத்திரை போட்டிருந்த அண்ணாச்சி பின்சீட்டிலேயே தூங்கிவிட்டார். காரை வேப்பமரத்தடியில் நிறுத்தி, சாவியை அதிலேயே விட்டுவிட்டு, ஷெட்டின் பின்சுவர்ப் பக்கம் ஒதுங்கினேன். அப்போதுதான் இசக்கியின் குரல் கேட்டது. தணிந்த குரல்.

"பைய எடு மச்சான். அண்ணாச்சிக்குத் தெரியப்பிடாது."

திரும்பி வந்து பார்த்தேன். நாங்கள் வந்தபோது மரத்தடியில் கனமாக ஒரு மஞ்சள் துணிப்பை கிடந்தது. அது இப்போது இல்லை. கார் மரத்தடியில் இருந்து நகர்ந்து, அடியில் இறங்கி வேலை பார்க்கும் பள்ளத்தின் மேல் நின்றது. அது என் கண்ணில் பட்டது. மனதில் படவில்லை.

பையை எடு. அண்ணாச்சிக்குத் தெரியக் கூடாது. வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? புது ஷாக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பழையதையே மாட்டிவிட்டான்! அன்று அவன் மூன்றாம் தடவையாக நட்டை இறுக்கியதும் எனக்குத் திருட்டை மறைப்பதாகவே பட்டது.

பத்தொன்பது வருடத்தில் அண்ணாச்சியிடம் நானாகப் போய்ச் சொன்ன ஒரே விஷயம் இதுதான். அவர் உடனே வண்டியை ஷெட்டுக்கு விடச் சொன்னார். அங்கே நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"கழத்திப் பாருங்க அண்ணாச்சி. நான் மாத்துன ஷாக்கு அங்கன அப்படியே இருக்கு" என்றான் இசக்கி.

"நான் என்னத்தப் பாக்க? எனக்கென்ன தெரியும்? இவன் வாயத் தொறந்து நான் பாத்ததே இல்ல. இவனே சொல்லுதான்னா நீ என்ன வேல பாத்திருக்கணும்!"

இசக்கி என் பக்கம் திரும்பினான். "நீரு பாத்தீராவே?"

அவன் பையை எடுத்ததை நான் பார்க்கவில்லை. கேட்டேன், அவ்வளவுதான். அந்த வித்தியாசம் அப்போதே எனக்குத் தெரியும்... இருந்தும் தரையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

அண்ணாச்சி மூன்று வண்டிகளையும் அவனிடமிருந்து மாற்றினார். கடைத்தெருவில் மற்ற வியாபாரிகளிடமும் சொன்னார். தை பிறப்பதற்குள் ஷெட் மூடிக் கிடந்தது. மச்சான் திருப்பூருக்குப் போய்விட்டான் என்றார்கள். இசக்கி எங்கே போனான் என்று நான் விசாரிக்கவில்லை.

புது மெக்கானிக் காரின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "ஷாக் ரெண்டும் புதுசாத்தானே கெடக்கு" என்றார். பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். பழசைத் துடைத்து மினுக்கி வைத்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணாச்சியிடம் சொல்லவில்லை.

சித்திரையில் ஒரு நாள் பின்விளக்கு எரியவில்லை. பல்பு மாற்றுவதற்காக டிக்கியின் இடது பக்கத்து உள்தட்டியைக் கழற்றினேன். இரும்பு ஒன்று சரிந்து வந்து என் மணிக்கட்டில் இடித்தது.

துருப்பிடித்த ஸ்பேனர். மழையில் நான் தொலைத்தது. ஜாக்கி வைக்கிற பொந்துக்குப் பின்னால் நழுவி, உள்ளே நின்றுகொண்டு ஆடியிருக்கிறது. காரை எடுத்து நான்கு வேகத்தடைகளில் ஏற்றி இறக்கினேன். ஒரு சத்தமும் இல்லை.

அப்படியானால் அந்தப் பை? அன்று முழுவதும் அதையே பிடித்துக்கொண்டேன். எதையாவது திருடியிருப்பான்... திருடியிருக்க வேண்டும். எனக்கு அது தேவையாக இருந்தது.

மறுநாள் காலை அண்ணாச்சி காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். தினமும் சொல்வதைச் சொன்னார்.

"பைய எடுலே. இடுப்பு விண்ணுன்னு தெறிக்கி."

கிளட்ச்சை மிதித்தவன் காரை எடுக்கவில்லை. பைய எடு. மெதுவாக எடு. தூங்குகிற அண்ணாச்சிக்குத் தெரியாமல், அவர் இடுப்பு குலுங்காமல், காரைப் பள்ளத்தின் மேல் கொண்டுவா. இவ்வளவுதான் அவன் மச்சானிடம் சொன்னது. தினமும் கேட்கிற சொல் அன்று ஒருநாள் மட்டும் என் காதில் வேறாக விழுந்திருக்கிறது. அந்த மஞ்சள் பையில் அவர்கள் சாப்பாடு இருந்திருக்கும்.

"சத்தம் நின்னுட்டே. என்னலே செஞ்ச?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆழ்வார்குறிச்சிக்குப் போனதில் இருந்து தொடங்க வேண்டும். அதற்கு எனக்குத் துணிவு இல்லை.

"ஷாக்குல மேல் நட்டு லூசா இருந்துச்சு அண்ணாச்சி. இறுக்கிட்டேன்."

"பாத்தியா, அந்தப் பய நட்டக்கூட ஒழுங்கா இறுக்கல!" அதையும் அவர் கடைத்தெரு முழுவதும் சொன்னார்.

போன மாதம் ஏரலில் காற்று அடிக்க ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினேன். குழாயோடு வந்தவன் இசக்கி. அங்கே சம்பளத்துக்கு இருக்கிறான். திட்டுவான் என்று நினைத்தேன். "வாரும்வே" என்றான். குனிந்து காற்று அடித்துக்கொண்டே, "அந்தச் சத்தம் நின்னுச்சா?" என்று கேட்டான்.

"நின்னுட்டு."

"எங்கன இருந்துவே வந்துது? அது தெரிஞ்சாப் போதும். அதுக்குப் பொறவு கார் வேலையே தொடல. என் காத என்னாலயே நம்ப முடியல."

சுற்றிலும் யாரும் இல்லை. அண்ணாச்சியும் வரவில்லை. அவன் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

"மேல் நட்டு" என்றேன்.

அவன் நிமிர்ந்தான். "மூணு தடவ இறுக்குனனே..." என்று கையைப் பார்த்தான். "சரியா இறுக்காம விட்டிருப்பனோ என்னவோ" என்றான்.

"இருக்கும்" என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டு, பஞ்சருக்கு நின்ற லோடு ஆட்டோவின் சக்கரத்தை மாட்டப் போனான். ஒரு நட்டை இறுக்கினான். அடுத்ததற்கு நகர்ந்தான். திரும்பி வந்து முதல் நட்டையே மறுபடி இறுக்கினான். பிறகு இன்னொரு தடவை.

"எய்யா, எத்தன தடவதான் இறுக்குவ?" என்று ஆட்டோக்காரர் சலித்துக்கொண்டார்.

நான் காரை எடுத்தேன்.