காலண்டர் தேடிப் போன ஊர்

மல்லாங்கிணற்றிலிருந்து சிவகாசிக்குப் போவதையெல்லாம் பயணம் என்று எழுதலாமா என்று நீங்கள் சிரிக்கலாம். எங்களுக்கு அது பெரிய பயணம். 2006 ஆடி மாதம், காலை எட்டு மணிக்கு நானும் என் மனைவி தமிழரசியும் விருதுநகரில் பஸ் மாறினோம். ஊரார் சிவகாசிக்கு வெடி வாங்கப் போவார்கள். நாங்கள் பழைய காலண்டர் ஒன்றைத் தேடிப் போனோம்.

எங்கள் மகள் மலர் பல வருடங்களுக்கு முன்பு ஒன்றரை வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். சின்னப் பிள்ளையைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று பயந்து ஒரு படமும் எடுக்காமல் இருந்தோம். ஆயுசு அப்படியும் குறைந்தது. அந்த வருடம் மளிகைக் கடையில் கொடுத்த காலண்டரில் ஒரு குழந்தை மலரைப் போலவே சிரிக்கும். அதைத்தான் சுவரில் வைத்திருந்தோம். போன மழைக்குக் கூரை ஒழுகி அதுவும் கூழாகிவிட்டது.

வழியெல்லாம் கருவேலமரம், கம்பெனி வேன்கள், கண்ணைக் குத்தும் வெயில். இருபத்தைந்து கிலோமீட்டரும் தமிழரசி பேசவில்லை.

சிவகாசியில் அச்சகம் அச்சகமாக ஏறி இறங்கினோம். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாக வெளியிடுவது இங்கே வழக்கம். அந்த அவசரத்தில் பழசைப் பற்றிக் கேட்ட எங்களை வேற்றுக்கிரகத்து ஆட்களைப் போலப் பார்த்தார்கள். ரஹ்மத் பாய் என்ற அச்சகக்காரர் மட்டும் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். பழைய தாளெல்லாம் எடைக்குப் போய், நாரணாபுரம் பக்கம் வெடிக்குக் குழாயாகச் சுருட்டியிருப்பார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அப்ப வெடிச்சிருப்பாக" என்றாள் தமிழரசி. அவள் அழாதது எனக்குப் பயமாக இருந்தது.

பாய் கம்ப்யூட்டரில் இருந்த குழந்தைப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். மூக்கு எடுப்பு, நெற்றி அகலம் என்று இவள் எல்லாவற்றையும் தள்ளினாள். அவரையே வரைந்து தரச் சொல்லி நான் கெஞ்சினேன். அவர் அச்சில் வீணான தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, பென்சிலை அவளிடம் நீட்டினார்.

"நான் போட்டா அது எம் பிள்ளையாத்தாம்மா வரும். நீங்க போடுங்க."

கோலத்தைத் தவிர எதுவும் வரைந்தறியாதவள். பழக்கத்தில் முதலில் புள்ளி வைத்தாள், பிறகு கோடு இழுத்தாள். முகம் சுரைக்காயாக வந்தது. அழித்தாள், மறுபடி போட்டாள். காது வரையும்போது கை நின்றது.

"ஏங்க, மலருக்கு எடது காது மடங்கியில்ல இருக்கும்? காலண்டர்ப் பிள்ளைக்கு ரெண்டும் நேரா இருந்துச்சே. இம்புட்டு வருசமா யாரு பிள்ளையவோ பாத்துக்கிட்டு இருந்திருக்கோம்."

அவள் காதை மடக்கிப் போட்டாள். அப்போது அவள் முகத்தில் லேசாக ஒரு சந்தோஷம் தெரிந்தது.

படம் மலரைப் போல இல்லை. நான் அதைச் சொல்லவில்லை. அவளே வாய் சரியில்லை என்று சொல்லி, பாயிடம் இன்னும் கொஞ்சம் தாள் கேட்டு வாங்கிக்கொண்டாள். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. கீழுதடு தடிப்பா மெலிசா என்று ஊர் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே வந்தோம். மலர் போன பிறகு அவளைப் பற்றி நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசியது அன்றைக்குத்தான்.