ஸ்கேன் அறைப் பந்து

"மூணாங்கிளாஸ் படிக்கவளுக்கு டாக்டர் சொல்லுதது என்னட்டி வெளங்கும்?" என்று அத்தை அம்மாவிடம் கேட்டாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மலையாள ஊரில், சாலைச் சந்தைக் கடைகளில் மூட்டை தூக்கும் அப்பாவுக்கும், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த அம்மாவுக்கும் சந்தை மலையாளத்துக்கு மேல் தெரியாது. அதனால் அம்மாவை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போன அன்று, டாக்டர் சொல்வதைக் கேட்டுச் சொல்ல என்னைத்தான் உடன் அனுப்பினார்கள்.

அம்மாவுக்கு எட்டாம் மாதம். எனக்குப் பிறகு வெகுகாலம் கழித்துத் தங்கிய பிள்ளை. சில நாட்களாக அசைவு தெரியவில்லை என்று அம்மா வயிற்றைப் பிடித்தபடியே இருந்தாள். தம்பி தூங்குகிறான் என்று நான் முடிவு செய்திருந்தேன்.

உள்ளே அம்மா திரையைப் பார்த்தாள். நான் டாக்டரம்மாவின் கையைப் பார்த்தேன். பொத்தான்களுக்கு நடுவே எலுமிச்சம்பழம்போல ஒரு பந்து பாதி புதைந்திருந்தது. அவர் விரலால் உருட்ட, திரையில் ஒரு சின்னக் குறி ஓடியது. அரிசி மண்டிக் கணக்கர் மேசை முழுக்க மௌஸை இழுத்துக்கொண்டு அவதிப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். "மௌஸ்!" என்றேன், என் படிப்பைக் காட்ட.

"மௌஸ் அல்ல மோளே, ட்ராக்பால்" என்று சிரித்தார். ஒரு கை அம்மாவின் வயிற்றில், கண் திரையில். மௌஸ் என்றால் நகர்த்த இடம் வேண்டும், இது இருந்த இடத்திலேயே இருக்கும், பந்து மட்டும் உருளும் என்றார்.

பிறகு பந்து நின்றது. கொஞ்சம் உருண்டது. மறுபடியும் நின்றது. அவர் சிரிப்பும் நின்றுவிட்டது.

"மோளே, அச்சன் புறத்துண்டோ? விளிச்சோண்டு வா."

"என்னட்டி சொல்லுதாவ?" என்றாள் அம்மா.

"அப்பாவக் கூட்டிட்டு வரச் சொல்லுதாவம்மா. நல்ல சேதியாத்தான் இருக்கும்."

அம்மாவின் முகம் மலர்ந்தது.

அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி வந்தார். டாக்டரம்மா அவரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சமயம் பார்த்து நான் பந்தைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. உருட்டினேன். குறி திரை முழுக்க ஓடியது. யாரும் என்னை அதட்டவில்லை. ஏன் அதட்டவில்லை என்பதும், தம்பி தூங்கவில்லை என்பதும் அன்றைக்கு எனக்குப் புரியவே இல்லை.

வருஷங்கள் கழித்து, இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ படிப்பில் நான் சேர்ந்தபோதும் அத்தை, "என்னட்டி வெளங்கும்?" என்றுதான் கேட்டாள். போன வாரம் முதல் தடவையாக இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தேன். விழிஞ்ஞத்திலிருந்து வந்த மீன்பிடிக்காரர் ஒருவர் திரையை விட்டுவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். படத்தை நிறுத்தி அளவெடுக்கும் இடம் வந்தது.

"இப்ப கை கொஞ்சம் நிக்கும் சேட்டா, அளவெடுக்கத்தான். வேற ஒன்னுமில்ல."

அவர் தலையசைத்த பிறகுதான் பந்தை நிறுத்தினேன்.